சவர்க்காரத் தாளின் பின்பக்கம்

மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை உங்களில் யாராவது விரித்து வாசிக்கிறீர்களா? இல்லை என்று எனக்குத் தெரியும். தலைக்கு மை பூசத் தொடங்கிவிட்ட நம்மைப் போன்றவர்கள் முதலில் விழுங்குவோம், பிறகுதான் மூக்குக்கண்ணாடியைத் தேடுவோம். நான் மட்டும் எந்தத் தாள் கைக்கு வந்தாலும் முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பேன். கல்யாணக் கார்ட்டைக்கூட அப்படித்தான். "இவவுக்குப் பின்பக்கம் பாக்கிற வருத்தம்" என்று என் கணவர் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும். அந்த வருத்தம் எனக்குத் தர்மபுரத்தில் தொற்றியது.

சண்டையில் பளையிலிருந்து இடம்பெயர்ந்து, இடையில் எங்கெங்கோ இருந்து, கடைசியில் தர்மபுரத்தில் ஒரு காணித் துண்டில் கொட்டில் போட்டிருந்தோம். அப்பா இல்லை. அம்மா, நான், அம்மாவின் தங்கை. அவரைச் சித்தி என்றுதான் சொல்வேன், ஆனால் எனக்கு அவர் மேல் பாசத்தை விடப் பயம்தான் அதிகம். சித்திக்கு அப்போது முப்பது தாண்டியிருந்தது. இரண்டு சம்பந்தங்கள் இடப்பெயர்வோடு போய்விட்டன. ஒரு மாப்பிள்ளை வீட்டார் எந்தப் பக்கம் போனார்கள் என்றே கடைசிவரை தெரியவில்லை.

அந்தக் காலத்து உடுப்புத் தோய்ப்பு உங்களுக்கு மறந்திருக்காது. பொருளாதாரத் தடையில் சவர்க்காரம் கிடையாது. கிடைத்தால் விலை கேட்க முடியாது. பனம்பழத்தைப் பிசைந்து அந்தக் களியில் உடுப்பைத் தோய்ப்போம். ஊத்தை போகும், ஆனால் பழவாசம் போகாது. கொடியில் காயப் போட்டால் மாடு வந்து சப்பிவிடும். என்னுடைய பள்ளிக்கூடச் சட்டையின் கழுத்துப் பட்டியை ஒரு சிவப்புப் பசு தின்றுவிட்டது. ஒரு தவணை முழுக்க நான் கழுத்தில்லாத சட்டையோடு போனேன். வகுப்பில் எனக்குப் "பசுக்கன்று" என்று பட்டம். அந்தப் பட்டத்தை வைத்தவள் இதை வாசித்தால் அறிந்துகொள்ளட்டும், அவளுக்கு நான் இன்னும் மன்னிப்புக் கொடுக்கவில்லை.

இடம்பெயர்ந்த பெண்களுக்காக அங்கே ஒரு சங்கம் இருந்தது. தேங்காயெண்ணெயும் கோஸ்ரிக் சோடா என்கிற எரிகாரமும் சேர்த்துச் சவர்க்காரம் செய்வது அதன் புது வேலை. செய்கிற முறையை ஒரு தாளில் அச்சடித்து, சோடாப் பொட்டலத்தோடு ஒவ்வொரு குடியிருப்புக்கும் கொடுப்பதென்று முடிவாயிற்று. தாளை எழுதும் வேலை சித்திக்கு வந்தது. முன்பு யாழ்ப்பாணப் பட்டணத்து மருந்துக்கடை ஒன்றில் அவர் வேலை செய்தார். மருந்துக் கவர்களின் மேல் எழுதி எழுதிப் பழகிய கை.

அந்தக் கடையில் நடந்த ஒன்றைச் சித்தி அடிக்கடி சொல்வார். ஒரு கிழவருக்குப் பூசுமருந்துப் போத்தல் கொடுத்தார்கள். காலை, மாலை, குளித்த பின் என்றெல்லாம் வரிசையாக எழுதி, "உடலில் பூசவும்" என்பதைக் கடைசியில் எழுதியிருந்தார் சித்தி. கிழவர் "காலை" என்ற இடத்திலேயே நின்றுகொண்டார். மூன்று நாள் குடித்துவிட்டு, சொறி இன்னும் மாறவில்லை என்று சண்டைக்கு வந்தார். முதலாளி சித்தியைக் கடை வாசலில் நிறுத்தி, வந்துபோகிற சனம் கேட்கப் பேசினாராம். அன்றிலிருந்து சித்தி எதை எழுதினாலும் செய்யக் கூடாததை முதல் வரியில் எழுதுவார். "சனம் கேக்கக் கேக்கச் செய்யும். வாசிச்சு முடிக்குமட்டும் கை காத்துக்கொண்டிருக்காது" என்பார்.

அது உண்மைதான். எங்கள் சனத்தின் வழக்கமே அது. எண்ணெய் விளக்கில் தொடங்கித் தண்ணீர் பம்ப் வரைக்கும், ஒருவர் தாளைப் பிடித்து உரக்க வாசிப்பார், மற்றவர் ஒவ்வொரு வரிக்கும் கையால் செய்துகொண்டே போவார். முழுவதையும் முதலில் வாசித்துவிட்டுத் தொடங்கியவரை நான் கண்டதில்லை.

சித்தி தன் எழுத்தைச் சோதிக்க என்னைத்தான் பிடித்தார். எனக்குப் படிப்பிக்க அல்ல, நான் அவருடைய சோதனை எலி. ஒருநாள் தேநீர் போடும் முறையைத் தாளில் எழுதி என் கையில் தந்தார்.

"இதில என்ன கிடக்கோ அதை மட்டும் செய். உன்ர புத்தியைப் பாவிக்கக் கூடாது. உனக்கு இருக்கிறதே கொஞ்சம்."

நான் கேத்தலில் தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். தேயிலையைப் போட்டேன். "வடிக்கவும்" என்றிருந்தது. எதற்குள் என்று எழுதியிருக்கவில்லை. வடியைப் பிடித்து அப்படியே குசினி நிலத்தில் வடித்தேன். ஒரு கிழமைக்கு வைத்திருந்த தேயிலை அது. அம்மா வந்து பார்த்துவிட்டு அகப்பைக் காம்பால் என் முழங்காலில் போட்டார். சித்தி தடுக்கவில்லை. அவர் தாளில் "பேணிக்குள்" என்று ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "நல்லதடி. உனக்கு விளங்கினா உலகத்துக்கே விளங்கும்."

சவர்க்காரத் தாளையும் இப்படியே எழுதினார். சோடாவுக்குப் பதிலாக உப்பு, எண்ணெய்க்குப் பதிலாகத் தண்ணீர் வைத்து என்னைச் செய்யச் சொல்வார். நான் எந்த இடத்தில் பிழை விடுகிறேனோ அந்த வரியை வெட்டுவார், எனக்கும் ஒரு குட்டு விழும். கடைசியில் நான் பிழை விட வழியே இல்லாத ஒரு தாள் வந்தது. அதன் தொடக்கம் இன்னும் எனக்குப் பாடம்:

"கவனம். இந்தச் சோடா கண்ணைக் கெடுக்கும். பக்கத்தில் ஒரு வாளி நல்ல தண்ணி வைக்காமல் தொடங்க வேண்டாம். சோடாவுக்கு மேலே தண்ணி ஊற்ற வேண்டாம், கொதித்து முகத்தில் அடிக்கும். முதலில் தண்ணி. பிறகு சோடா, கொஞ்சம் கொஞ்சமாக. கண்ணில் பட்டால் உடனே தண்ணியால் கழுவு. வேறொன்றும் விட வேண்டாம்."

பொட்டலத்தின் மேல் ஒட்டுவதற்கு ஒரு விளம்பர வரியும் எழுதினார். "இதில் தோய்த்த உடுப்பை மாடு சப்பாது." அவ்வளவுதான். கூட்டத்தில் வாசித்தபோது பெண்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பின்வரிசையில் நின்ற ஒரு வாத்தியாரும் சிரித்தார். கனகராயன்குளத்திலிருந்து தன் மாமாவைப் பார்க்க வந்திருந்தவர். சிரித்துவிட்டுச் சித்தியிடம் வந்து, "இதை நீங்களே எழுதினீங்கள்? எங்கட வீட்டு மாட்டுக்கு வாசிச்சுக் காட்ட வேணும்" என்றார். அன்றைக்குக் கொட்டிலுக்கு வந்து சித்தி கண்ணாடித் துண்டில் தன் முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்டேன். சித்திக்கு அந்த வாத்தியாரைப் பிடித்திருந்தது. வேறு எதையும் அவர் அப்படி ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

அந்த வாத்தியாரின் மாமாதான் சங்கத்தின் தலைவர். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர், எல்லாரும் "சேர்" என்றுதான் கூப்பிடுவார்கள். மேடைத் தமிழில் பேர்போனவர். செத்தவீட்டில் அவர் பேசினால் செத்தவருக்கே கண்ணீர் வரும் என்பார்கள். அவர் அடுத்த கூட்டத்தின் நடுவில் சித்தியின் தாளை வாங்கி, மூக்கு நுனியில் பிடித்துக்கொண்டு வாசித்தார்.

"இதென்ன பிள்ளை இது? முதற் சொல்லே 'கவனம்'. ரெண்டாவது வரியில 'கெடுக்கும்'. ஒரு நல்ல காரியத்தை இப்பிடியே துடங்கிறது?"

"சேர், அதை முதலில சொல்லாட்டி..."

"மங்கலச் சொல்லால துடங்க வேணும். நாலு வரியில மூண்டு 'வேண்டாம்' போட்டிருக்கிறாய். இது எழுத்தே? நாயைக் கலைக்கிற மாதிரிக் கிடக்கு." அவர் சுற்றிப் பார்த்தார். "மருந்துக் கவரில எழுதின கை. அதுக்கு மேல அதிட்ட எதிர்பாக்கேலாது."

எல்லாரும் சிரித்தார்கள். மாட்டுக்குச் சிரித்த அதே பெண்கள்தான். என் அம்மாவும் சிரித்தார். சித்தி வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சேர் தாளைக் கொண்டுபோய்த் தானே எழுதினார். றோணியோ மெசினில் படி அடித்து வந்தபோது இரண்டு பக்கம். "இல்லமிழந்தும் ஊக்கமிழவா எம் அன்னையரே!" என்று தொடங்கியது. தூய்மையின் பெருமை ஒரு பந்தி. தன்னிறைவின் பெருமை ஒரு பந்தி. அதன் பிறகு, "உரிய அளவு சோடாவும் தூய நீரும் பாத்திரமொன்றில் ஒன்றுகலக்கப்பெற்று" என்று ஒரு வசனம். அது முடிவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. நீர் முதலிலா, சோடா முதலிலா என்பது அதில் எங்குமில்லை. சித்தி எழுதிய அபாயங்கள் எல்லாம் பின்பக்கத்தில், நன்றியுரைக்குக் கீழே, "பின்குறிப்பு" என்று சின்ன எழுத்தில் கிடந்தன. சித்தியின் மாட்டு வரியும் போய்விட்டது. அதற்குப் பதிலாக, "மணமும் குணமும் மாண்புற ஓங்கும்."

சித்தி தாளை வாசித்துவிட்டு எழும்பினார். "நான் போய்க் கதைக்கப்போறன்."

அம்மா வாசலை மறித்தார். "எங்க போறாய்?"

"இதை வாசிச்சுச் செய்தா ஆருக்கும் முகம் எரியும், அக்கா."

"எரிஞ்சா எரியட்டும். கேள். நேற்று சேர் கூப்பிட்டுச் சொன்னவர், மருமகனுக்கு உன்னைக் கேக்கினமாம். தாய்க்காறியும் வரப்போறா. இப்ப அவர் எழுதினதில நீ கை வைச்சா இந்தச் சம்பந்தமும் போகும். பிறகு உன்னை ஆர் பாக்கிறது? நானோ?"

சித்தி நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு தாளை நாலாக மடித்து முகட்டு மட்டையில் செருகினார். அம்மா அதைப் பார்த்து நிம்மதியாக மூச்சு விட்டார். அம்மா கெட்டவர் இல்லை. தங்கைக்கு ஒரு வாழ்க்கை வேண்டும் என்று நினைத்தார், அதற்கு வாயை மூடுவது மலிவான விலை என்று கணக்குப் போட்டார். இப்போது என் மகளுக்கு நான் சொல்கிற புத்திமதிகள் சில எனக்கே அந்தக் குரலில் கேட்கும்போது வாயைப் பொத்திக்கொள்கிறேன்.

சேருக்கு எதையும் ஆரவாரமாகச் செய்ய வேண்டும். சவர்க்காரம் செய்து காட்டுகிற தொடக்க நாளையும் பெண் பார்க்கிற நாளையும் ஒன்றாக வைத்தார். பெண் பார்ப்பது என்று வெளியில் சொல்லாமல், தமக்கையும் மருமகனும் விழாவுக்கு வந்தது போல வருவார்கள். சித்தி சங்கக் கொட்டிலின் உள்ளறையில் இருந்து, செய்து காட்டி முடிந்த பிறகு தேநீர்த் தட்டோடு வெளியே வர வேண்டும். அதுவரை தலை காட்டக் கூடாது. அம்மாவின் கத்தரிப்பூ நிறச் சேலை. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய சங்கிலி. கிடைத்த ஒரே பவுடர் டப்பாவின் அடியை நான்தான் தட்டிக் கொடுத்தேன்.

முற்றத்தில் ஒரு மேசை. அதன் மேல் புதுப் பிளாஸ்ரிக் வாளி, சோடாப் பொட்டலம், ஒரு செம்பில் தண்ணீர். செய்து காட்ட முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு அக்கா நின்றார். கடல் வேலை செய்து உரமேறிய கை, எதற்கும் பயப்படாத மனுசி. கழுத்தில் சிலுவை. முன்வரிசையில் இரண்டு கதிரைகளில் மாப்பிள்ளை வாத்தியாரும் தாயும். நான் உள்ளறை வாசலில், ஓலைத் தட்டியின் ஓட்டையால் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் சித்தி, கையில் தட்டு.

சேர் தாளை விரித்தார். அன்னையரே என்று தொடங்கினார். சனம் தலையாட்டியது. தூய்மைப் பந்தியும் தன்னிறைவுப் பந்தியும் போயின. "உரிய அளவு சோடாவும்..." என்று வந்ததும் கடற்கரை அக்கா பொட்டலத்தைப் பிரித்துச் சோடா முழுவதையும் வாளிக்குள் கொட்டினார். "தூய நீரும்..." என்றார் சேர். அக்கா செம்பைத் தூக்கினார்.

எனக்குப் பின்னால் தட்டு விழுந்தது. சித்தி என்னைத் தள்ளிக்கொண்டு ஓடினார்.

"ஊத்தாதேங்கோ! அக்கா, ஊத்தாதேங்கோ!"

சங்கிலியும் சேலையுமாகப் பெண் ஓடி வருவதைச் சனம் வாயைப் பிளந்து பார்த்தது. சேர் வாசிப்பை நிறுத்தவில்லை, குரலைக் கொஞ்சம் உயர்த்தினார். சித்தி வாளியை எட்டிப் பிடித்து இழுத்த அதே நேரம் தண்ணீர் உள்ளே விழுந்தது. பொரிகிற சத்தம் கேட்டது. வெள்ளையாக ஏதோ மேலே எழும்பியது. அக்காவின் புறங்கைகளில் பட்டது. சித்திக்கு வலது பக்க முகம் முழுவதும்.

அந்தக் குரலை நான் எழுதப் போவதில்லை.

கிணறு கண்ணெதிரே இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். துலாக் கயிற்றில் வாளி தொங்கியது, நிறையத் தண்ணீர் இருந்தது. ஒருவர் "தேங்காயெண்ணெய்" என்றார். ஒருவர் "தேசிக்காய்ப் புளி விடு, எரிவு நிக்கும்" என்றார். யாரோ ஒரு கிழவி, "கண்ணுக்கு முலைப்பால்தான்" என்றதும் எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. பால் கொடுக்கிற தாய் ஒருத்தியைத் தேடி நாலு பக்கமும் ஓடினார்கள். சித்தி "தண்ணி, தண்ணி" என்று கத்தினார். குடிக்கக் கேட்கிறார் என்று நினைத்து அம்மா ஒரு பேணியை அவர் வாயில் வைத்தார். சேர் தாளைப் பின்பக்கம் திருப்பி, நன்றியுரையைத் தாண்டி, பின்குறிப்பைத் தேடிக்கொண்டிருந்தார். தாளை முகத்துக்குக் கிட்டப் பிடித்தும் அந்தப் பொடி எழுத்து அவருக்குப் பிடிபடவில்லை.

மண்ணெண்ணெயில் ஓடிய லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழி நெடுகப் புகை. டொக்டர் இமையை விரித்துப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உடன தண்ணியால கழுவினீங்களோ?"

அம்மா, "முலைப்பால் விட்டனாங்கள்" என்றார்.

சேர் முன்னே வந்து தாளை நீட்டினார். "எங்கட பக்கம் ஒரு குறையும் இல்லை, டொக்டர். பாருங்கோ, எல்லாம் தெளிவாப் போட்டிருக்கிறம்."

டொக்டர் முன்பக்கத்தை வாசித்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் வாசித்தார். கண்ணைக் கழுவச் சொன்ன கடைசி வரியை மட்டும் பொறுமையாக வாசித்தார். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது, "கண்ணுக்கு இவ்வளவு பொறுமை இல்லை, ஐயா" என்றார்.

வலது கண் போயிற்று. கன்னத்துத் தோல் சுருங்கி வாயின் ஓரத்தை மேலே இழுத்துக்கொண்டது. சித்தி எப்போதும் அரைச் சிரிப்புச் சிரிக்கிறவர் போல ஆகிவிட்டார். வாத்தியார் ஒருதரம் ஆஸ்பத்திரி வாசல்வரை வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழத்தை என்னிடம் தந்துவிட்டு, "உள்ளுக்கு வரேல்லை, பிள்ளை. வீட்டில அம்மா பாத்துக்கொண்டிருப்பா" என்று சைக்கிளைத் திருப்பினார். அந்தப் பழத்தை நான் வழியிலேயே ஆட்டுக்குப் போட்டுவிட்டேன்.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? பெண் பார்க்க வந்த இடத்தில் அவள் ஏன் ஓடினாள் என்று கேட்டது. மாப்பிள்ளைக்குத் தன்னைக் காட்ட ஓடினாள் என்று பதிலும் சொல்லிக்கொண்டது. கடற்கரை அக்கா மட்டும் புண் ஆறாத கையோடு வந்து, எங்கள் கொட்டில் வாசலில் இருந்து அழுதுவிட்டுப் போனார். சேர் வரவில்லை. சங்கத்தில் இரண்டாம் தடவை அதே தாளை அடித்தார்கள். பின்குறிப்பின் கீழே சேர் ஒரு வரி கூட்டியிருந்தார்: "செய்முறையின்போது பெண்கள் பதற்றமடைந்து குறுக்கே பாய்தல் தவிர்க்கப்பட வேண்டியது." அந்தத் தாளை நான் சித்தியிடம் காட்டவில்லை. அவர் எப்படியோ பார்த்துவிட்டார். முழுவதும் வாசித்துவிட்டு, "வசனம் நீளம்" என்று மட்டும் சொன்னார்.

இதெல்லாம் ஆறி, சித்தி வீட்டிலேயே சவர்க்காரம் செய்து விற்கத் தொடங்கி, மாட்டு வரியைக் கையால் எழுதிப் பொட்டலத்தில் ஒட்டி, அந்தச் சுற்றுவட்டாரம் முழுக்க அந்தச் சவர்க்காரத்தைக் கேட்டு வருகிற காலம் வந்தது. அப்போது அம்மாவுக்கு மறுபடி ஆசை பிடித்தது. வெளிநாட்டில் இருக்கிற, மனைவியை இழந்த ஒருவர் பெண் தேடுகிறார் என்று ஒரு தரகர் சொன்னார். படமும் விபரமும் அனுப்ப வேண்டும். படத்தை இடது பக்கம் தெரிய எடுத்தாயிற்று. விபரத்தை எழுதச் சித்தியைத்தான் இருத்தினார் அம்மா, வீட்டில் வேறு யாருக்கும் அவரைப் போல எழுத வராது.

"நல்ல குடும்பம், அடக்கமான பிள்ளை, சமையல் தையல் தெரியும் எண்டு துடங்கு."

சித்தி எழுதிவிட்டுத் தாளை நீட்டினார். அம்மா எழுத்துக்கூட்டி வாசிக்க, அவர் முகம் மாறியது. முதல் வரி: "வலது கண் பார்வை இல்லை. வலது கன்னத்தில் தழும்பு உண்டு."

"உனக்கென்ன விசரே? ஆரும் இப்பிடித் துடங்குவினமோ? மங்கலமாத் துடங்கடி. இதைக் கடைசியில, சின்னதாப் போடலாம்."

"கடைசியில போட்டுத்தானே அக்கா இந்தக் கண் போனது."

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தாளை அப்படியே உறைக்குள் வைத்து ஒட்டினார். அம்மா அழுததை அன்றுதான் முதலில் பார்த்தேன். அழட்டும் என்றுதான் எனக்கு இருந்தது.

அம்மா தரகரை வழியில் கண்ட இடமெல்லாம் மறித்தார். மாரி வந்து போனது. பிறகு தரகரே எங்கள் படலையைக் கண்டால் சைக்கிளை வேகமாக மிதிக்கத் தொடங்கினார். ஒருநாள் அம்மா குசினி வாசலில் குந்திக்கொண்டு, "ஒரு பதிலும் இல்லை. இனி வராது" என்றார்.

சித்தி கம்பியால் சவர்க்காரக் கட்டியைத் துண்டு துண்டாக அறுத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. இழுபட்ட அந்த வாயோரம் வழக்கம் போலச் சிரித்துக்கொண்டிருந்தது.

"அழாதேங்கோ அக்கா. அவையளுக்கு முதல் வரியிலேயே வடிவா விளங்கியிருக்கு."